உலக வெப்பமும் இந்தியாவின் பொறுப்பும்



பெங்களூருக்கு அந்நாளில் குடியேறிய தமிழர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களில் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெற்று வந்தது. "இங்கே விசிறி தேவையில்லை, சித்திரை மாதத்திலும் இரவில் போர்த்திக்கொண்டுதான் படுக்கிறோம்" என்பது அது. சம்பளத்தைப் பற்றிப் பெருமையாக எழுத ஒன்றும் இல்லாதவர்கூடச் சீதோஷ்ண நிலையைப் பற்றிப் பெருமை பேசலாம் அல்லவா? நான் குடியிருக்கும் ஸ்ரீராம்புரம், அத்தகைய கடிதங்கள் நிரம்பப் புறப்பட்ட பேட்டை. பக்கத்திலிருந்த பஞ்சாலைகளையும், ரயில் பாதையையும், கட்டட வேலைகளையும் நம்பி வந்தவர்கள் ஒண்டுக் குடித்தனங்களில் தங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்டார்கள். ஆலைகள் மூடப்பட்டுவிட்டன. 2014 முதல் தலைக்கு மேலே மெட்ரோ ரயில் ஓடுகிறது. ஆனால் தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் வேய்ந்த வீடுகள் சந்துகளில் இன்னும் இருக்கின்றன.

அந்தப் பழைய வாக்கியத்தை இப்போது யாரும் எழுதுவதில்லை. 2016 ஏப்ரலில் பெங்களூரில் வெயில் 39.2 டிகிரியை எட்டியது. 2024 ஏப்ரலில் 38.5 டிகிரி. இவ்வெண்களைக் கேட்டு வேலூரிலும் திருச்சியிலும் உள்ள உறவினர்கள் சிரிக்கக்கூடும். அவர்கள் ஊர்களில் வெயில் பழகிய விருந்தாளி. இங்கோ, குளிர்ந்த ஊர் என்ற நம்பிக்கையில் கட்டிய பத்தடி அறைகள். பிற்பகல் இரண்டு மணிக்குத் தகரத்தின் கீழ் கைக்குழந்தையுடன் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு, வானிலை நிலையம் சொல்லும் எண் ஒரு பொருட்டன்று. அவ்வறைக்குள் இருப்பது அதற்கும் மேல்.

அதே 2024 கோடையில் தண்ணீரும் கைவிட்டது. முந்தைய ஆண்டில் பருவமழை பொய்த்ததால் கர்நாடகத்தின் 236 தாலுகாக்களில் 223 வறட்சிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டிருந்தன. நகரின் ஆழ்துளைக் கிணறுகளில் ஏறத்தாழப் பாதி வற்றிவிட்டன. கார் கழுவவும் தோட்டத்துக்கு ஊற்றவும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. எங்கள் சந்தில் செய்தித்தாளை உரக்கப் படித்த முதியவர் ஒருவர், "நல்லதாய்ப் போயிற்று, அந்த அபராதம் நம் பக்கம் வராது" என்றார். கார் இருந்தால்தானே கழுவுவதற்கு!

இன்று எனக்கு அளிக்கப்பட்டுள்ள பொருள், உலகம் வெப்பமடைவதைத் தடுக்கும் முயற்சியில் இந்தியாவின் பங்கு என்பது. ஸ்ரீராம்புரத்துத் தகரக் கூரையில் தொடங்கி உலக சபைக்கு எப்படிப் போவது என்று நேயர்கள் ஐயுறலாம். உலக சபையில் நம் நாடு அரை நூற்றாண்டாக எழுப்பி வரும் கேள்வியும், அந்த முதியவர் வேடிக்கையாகச் சொன்னதும் ஒரே கணக்கைச் சேர்ந்தவை என்பது என் எண்ணம். நான் விஞ்ஞானம் பயின்றவன் அல்லன், கலைப் பட்டதாரி, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். ஆகவே சொற்களின் வழியாகத்தான் இவ்விஷயத்தினுள் நுழைய முடியும். நல்லவேளையாக, இதில் நாடுகள் ஒன்றோடொன்று பொருதுவதும் பெரும்பாலும் சொற்களைக் கொண்டே.

நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் எரிக்கும்போது எழும் கரியமில வாயு, போர்வைபோலப் பூமியைச் சூழ்ந்து வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. இது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. பலர் கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு. இன்று எழுப்பிய புகை நாளைக்கே கலைந்து போய்விடுவதில்லை. கரியமில வாயுவில் கணிசமான பகுதி நூற்றாண்டுக் கணக்கில் வானத்திலேயே தங்கிவிடுகிறது. ஆகவே நம்மைச் சுடுவது இன்றைய புகை மட்டுமன்று. மான்செஸ்டரின் பஞ்சாலைகள் அன்று எழுப்பிய புகையும், பிட்ஸ்பர்க்கின் எஃகு ஆலைகள் எழுப்பிய புகையும் அதில் கலந்திருக்கின்றன. 'இப்போது எரிப்பவர் யார்?' என்று கேட்டால் ஒரு விடை. 'இதுவரை எரித்தவர் யார்?' என்று கேட்டால் வேறு விடை.

ஓர் ஆண்டின் மொத்தப் புகையை நாடுவாரியாகக் கூட்டினால் சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்து மூன்றாம் இடத்தில் இந்தியா நிற்கிறது. அதையே தலைக்கு வகுத்துப் பார்த்தால், ஆண்டொன்றுக்கு அமெரிக்கருக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு. உலக சராசரி ஐந்து டன்னுக்குச் சற்றுக் குறைவு. இந்தியருக்கு இரண்டு டன்னுக்குச் சற்று அதிகம். 1850 முதல் 2019 வரை சேர்ந்த மொத்தத்தில் நமது பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு என்பது நம் அரசாங்கம் எடுத்துக்காட்டும் கணக்கு. மக்கள்தொகையிலோ உலகில் ஆறில் ஒருவருக்கு மேல் நம்மவர்.

கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். முதல் பந்தியில் அமர்ந்தவர்கள் இரண்டு முறை சாதம் கேட்டு, பாயசத்தையும் மறுமுறை வாங்கிச் சாப்பிட்டு எழுந்தார்கள். கடைப்பந்தியில் கூட்டம் அதிகம். இலை போட்டபின் சமையற்காரர் வந்து, "அடிப்பானைதான் மிச்சம், எல்லோரும் சரிசமமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். குறைத்துக்கொள்ளத்தான் வேண்டும், பானையில் இல்லாததைப் பரிமாற முடியாது. 2024-ஆம் ஆண்டின் உலக சராசரி வெப்பம், தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேலாகவே இருந்தது என்று உலக வானிலை அமைப்பு அறிவித்துவிட்டது. ஆனால் 'சரிசமமாக' என்ற சொல்லைக் கேட்டதும் கடைப்பந்திக்காரருக்குக் கோபம் வருவது நியாயமா, இல்லையா?

அந்தக் கோபத்தை உலக அரங்கில் முதலில் நாகரிகமாக வெளியிட்டவர்களுள் நமது பிரதம மந்திரி இந்திரா காந்தி முக்கியமானவர். 1972 ஜூன் மாதம் ஸ்டாக்ஹோம் நகரில் ஐக்கிய நாடுகள் சபை, மனிதச் சுற்றுச்சூழல் குறித்து ஒரு பெரும் மகாநாட்டைக் கூட்டியது. மகாநாட்டை வரவேற்று நடத்திய ஸ்வீடனின் பிரதம மந்திரி ஓலோஃப் பால்மேயைத் தவிர, அங்கு நேரில் சென்று உரையாற்றிய அரசாங்கத் தலைவர் இந்திரா காந்தி ஒருவரே. வறுமையும் தேவையும்தான் மிகப் பெரிய மாசுகள் அல்லவா என்று அவர் அங்கே கேட்டார். கேட்டார் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் அது 'வறுமையே மிகப் பெரிய மாசு' என்று ஒரு தீர்ப்புப்போல மேற்கோள் காட்டப்படுகிறது. மொழிபெயர்ப்பாளனுக்கு இது பொறுக்க முடியாத பிழை. தீர்ப்பாகச் சொன்னால் ஏழை குற்றவாளியாகிறான். கேள்வியாகக் கேட்டால், ஏழையை அப்படியே விட்டுவிட்டு ஆற்றையும் காட்டையும் மட்டும் காப்பாற்ற முடியுமா என்று செல்வர்கள் பதில் சொல்ல வேண்டியவர்களாகிறார்கள். ஒரு கேள்விக்குறி காணாமற்போனதால் குற்றவாளிக் கூண்டில் ஆள் மாறிவிட்டது.

1990-இல் அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனமொன்று வெளியிட்ட பட்டியலில் இந்தியாவும் பெரும் புகை எழுப்பும் நாடுகளின் வரிசையில் வைக்கப்பட்டது. டில்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் மறு ஆண்டே ஒரு சிறு நூல் எழுதி அதற்கு மறுப்புரைத்தார்கள். ஏழை விவசாயியின் நெல் வயலிலிருந்து எழும் மீதேன் வாயுவையும், செல்வரின் கார் விடும் புகையையும் ஒரே தராசில் நிறுப்பது அறமாகாது. ஒன்று உயிர் வாழ்வதற்கு, மற்றொன்று சொகுசுக்கு என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம். தஞ்சாவூர்க்காரர் எவரும் இவ்வாதத்தை ஒப்புக்கொள்ளத் தயங்கமாட்டார்.

1992-இல் ரியோ டி ஜெனிரோ நகரில் கையெழுத்தான உலக உடன்படிக்கையில், இந்தியாவும் பிற வளரும் நாடுகளும் வற்புறுத்திய கொள்கை ஒன்று இடம்பெற்றது. 'பொதுவான, ஆயினும் வேறுபட்ட பொறுப்புகள்' என்று அதைத் தமிழாக்கலாம். இலக்கணப் பிழை ஏதுமில்லை. கேட்பவர்க்கு விளங்காது என்பது ஒன்றே குறை. ஆடி மாதம் எங்கள் பேட்டையில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது இதன் பொருள் நன்றாக விளங்கும். கிராமத்தில் தலைக்கட்டு வரி என்றால் வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாக வசூலிப்பார்கள். இங்கே அப்படியில்லை. மூன்று மாடி வீட்டுக்காரரிடம் ஐயாயிரம் ரூபாய். இட்டிலி விற்கும் அம்மாளிடம் ஐம்பது ரூபாய். எவரையும் விடுவதில்லை, எவரையும் வருத்துவதுமில்லை. விழா எல்லோருக்கும் பொது. ரியோவில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் பலநாள் வாதாடி எழுதிய வாசகத்தை எங்கள் விழாக் குழுவினர் ஒரே மாலையில் தீர்மானித்துவிடுகிறார்கள்!

நெடுங்காலம் இக்கொள்கையை நம் நாடு கேடயமாகவே பயன்படுத்தி வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 'இது உங்கள் கடன். நாங்கள் கட்டுப்பட்டவர்கள் அல்லர்' என்ற தொனி. 2007-இல் பிரதம மந்திரி மன்மோகன் சிங், இந்தியரின் தலைக்கணக்கான புகை வளர்ந்த நாடுகளின் சராசரியை ஒருபோதும் தாண்டாது என்று ஜெர்மனியில் உறுதி கூறியதிலிருந்து தொனி மாறத் தொடங்கியது. 2008-இல் எட்டு இயக்கங்களைக் கொண்ட தேசியச் செயல் திட்டம் வகுக்கப்பட்டது. 2015-இல் பாரிஸ் மகாநாட்டில், பிரான்சுடன் சேர்ந்து சர்வதேச சூரியசக்திக் கூட்டமைப்பை இந்தியா தொடங்கியது. அதன் தலைமையகம் டில்லியை அடுத்த குருகிராமில் உள்ளது. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்தன. வெயிலைச் சபித்துக்கொண்டிருந்த நாடுகள் அதையே மூலதனமாக்கிக் கூடியது நல்ல யோசனைதான்.

சூரிய சக்தியைப் பற்றிப் பேசும்போது நீர்ச் சக்தியை மறக்கலாகாது. ஸ்ரீராம்புரத்தை அடுத்துள்ள சேஷாத்திரிபுரம், மைசூர் திவானாக விளங்கிய சேஷாத்திரி ஐயரின் பெயரைத் தாங்கியது. சிவசமுத்திரத்தில் காவிரி வீழும் வேகத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டம் அவர் காலத்தில் உருவாயிற்று. 1902-இல் அம்மின்சாரம் சுமார் 150 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கச் சுரங்கத்தை அடைந்தது. அச்சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களில் பெருந்தொகையினர் தமிழர் என்பது நேயர்கள் அறிந்ததே. 1905-இல் பெங்களூரின் தெருக்களில் மின்விளக்குகள் எரிந்தன. ஆக, இந்நகரின் முதல் வெளிச்சம் நிலக்கரியால் வந்ததன்று; காவிரியால் வந்தது.

இன்று அதே கர்நாடகத்தில், துமகூரு மாவட்டத்துப் பாவகடாவில், சுமார் 13,000 ஏக்கர் வறண்ட நிலத்தில் 2,050 மெகாவாட் சூரிய மின் நிலையம் பரந்து கிடக்கிறது. 2018-இல் தொடங்கி வைக்கப்பட்டது. விவசாயிகளின் நிலத்தைப் பறிக்காமல், ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 21,000 ரூபாய் என்று குத்தகை பேசி, காலப்போக்கில் அது உயரவும் வகைசெய்து எடுத்துக்கொண்டார்கள். மழையை நம்பிக் கடலை விதைத்து ஏமாந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். நிலமே இல்லாத கூலியாட்களின் கதி வேறு. கடலை பிடுங்கும் வேலையும் களையெடுக்கும் வேலையும் போயின. குத்தகைப் பணத்தில் அவர்களுக்குப் பங்கு கிடையாது. அவர்களில் பலர் வேலை தேடிப் பெங்களூருக்கு வருகிறார்கள். அந்த வழி நமக்குத் தெரிந்த வழிதான்.

2030-க்குள் மின் உற்பத்தித் திறனில் பாதியை நிலக்கரி முதலியவை அல்லாத வழிகளில் அமைப்போம் என்று நம் நாடு 2022-இல் வாக்களித்தது. 2025-இன் நடுப்பகுதியிலேயே அந்த அளவை எட்டிவிட்டோம். பெருமைப்படத்தக்க செய்தி, ஆயினும் 'திறன்' என்ற சொல்லில் சற்று நிற்க வேண்டும். சூரியன் மறைந்தபின் சூரிய நிலையத்தின் திறன் காகிதத்தில் இருக்கும், கம்பியில் இராது. 2024-இல் நாம் உண்மையில் பயன்படுத்திய மின்சாரத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்தே வந்தது. பெங்களூருக்கு ராய்ச்சூரிலிருந்து வருகிறது. நெய்வேலியில் எரியும் பழுப்பு நிலக்கரியின் மின்சாரத்திலும் கர்நாடகத்துக்கு ஒரு பங்கு உண்டு. சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, அரைக் கிலோமீட்டர் உயரத்துக்குக் காவிரித் தண்ணீரை ஏற்றி இந்நகருக்குக் கொண்டுவரும் யந்திரங்களும் இம்மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. எங்கள் வீட்டுக் குடத்துத் தண்ணீரிலும் கொஞ்சம் கரி இருக்கிறது என்று சொல்லலாம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால், 2021-இல் கிளாஸ்கோ மகாநாட்டில் நடந்தது விளங்கும். நவம்பர் முதல் நாளன்று பிரதம மந்திரி நரேந்திர மோதி, 2070-க்குள் இந்தியா எழுப்பும் புகையும் உறிஞ்சப்படும் புகையும் நிகராகிவிடும் என்று அறிவித்தார். பலரும் எதிர்பாராத அறிவிப்பு, கைதட்டிப் பாராட்டினார்கள். இரண்டு வாரம் கழித்து, முடிவுத் தீர்மானத்தை ஏற்கும் கடைசி நேரத்தில், நமது மந்திரி பூபேந்திர யாதவ் எழுந்து ஒரு சொல்லை மாற்ற வேண்டும் என்றார். நிலக்கரி மின்சாரத்தை 'ஃபேஸ் அவுட்' செய்வது என்றிருந்ததை 'ஃபேஸ் டவுன்' என்று திருத்தச் சொன்னார். முன்னதைப் படிப்படியாக ஒழித்தல் என்றும், பின்னதைப் படிப்படியாகக் குறைத்தல் என்றும் மொழிபெயர்க்கலாம். ஆங்கிலத்தில் ஒரே ஒரு சிறு சொல் மாற்றம். தமிழில் வினைச்சொல்லே மாறிவிடுகிறது. திருத்தம் ஏற்கப்பட்டது. மகாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா மேடையிலேயே தழுதழுத்த குரலில் வருத்தம் தெரிவித்தார்.

மறுநாள் உலகப் பத்திரிகைகள் நம்மைக் கடிந்துகொண்டன. அதில் பாதி அநியாயம். மூன்று நாட்களுக்கு முன் அமெரிக்காவும் சீனாவும் வெளியிட்ட கூட்டறிக்கையில் இதே 'குறைத்தல்' என்ற சொல் இருந்தது. அப்போது எவரும் கண்ணீர் விடவில்லை. நிலக்கரி ஏழை நாடுகளின் எரிபொருள். எண்ணெயும் எரிவாயுவும் செல்வ நாடுகளின் எரிபொருள். நிலக்கரியின் பெயரை மட்டும் எழுதி, மற்ற இரண்டையும் தீர்மானம் குறிப்பிடாமல் விட்டது. எல்லா எரிபொருள்களையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று மறு ஆண்டு எகிப்து மகாநாட்டில் இந்தியா கேட்டது. அங்கே ஏற்கப்படவில்லை, 2023-இல் துபாயில்தான் அவை அனைத்திலிருந்தும் விலகிச் செல்வது என்ற வாசகம் எழுதப்பட்டது.

ஆனால் மற்றப் பாதியை நான் மறைக்க விரும்பவில்லை. கிளாஸ்கோவில் அந்தத் திருத்தத்தைக் கேட்டு வெளிப்படையாக மனம் நொந்தவர்கள் செல்வந்த நாட்டினர் மட்டுமல்லர். மார்ஷல் தீவுகள், ஃபிஜி போன்ற சின்னஞ்சிறு தீவு நாட்டினரும் நொந்தார்கள். கடல் உயர உயரக் கரையோர மண்ணை இழப்பவர்கள் அவர்கள். நாம் கடைப்பந்தியில் அமர்ந்திருப்பவர்கள் என்பது உண்மையே. ஆயினும் பந்தலுக்கு வெளியே இலைக்காகக் காத்து நிற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்கு நாமும் உண்டுகொண்டிருப்பவர்களாகவே தெரிகிறோம்.

பணத்தின் கதை சுருக்கமானது, மகிழ்ச்சியானதன்று. 2020 முதல் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டி ஏழை நாடுகளுக்கு உதவுவோம் என்று செல்வ நாடுகள் 2009-இல் வாக்களித்தன. அந்தத் தொகை முதன்முறையாக 2022-இல்தான் திரண்டது. 2024 நவம்பரில் பாகூ மகாநாட்டில் வளரும் நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர். 2035-க்குள் எட்டலாம் என்று கிடைத்த வாக்குறுதி 30,000 கோடி. தலைவர் சுத்தியலைத் தட்டித் தீர்மானம் நிறைவேறிற்று என்று அறிவித்தபின், இந்தியப் பிரதிநிதி சாந்தினி ரெய்னா எழுந்து, இது வெறும் கண்கட்டு என்று ஆட்சேபித்தார். இரண்டு மாதம் கழித்து அமெரிக்கா பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து இரண்டாம் முறையாக விலகுவதாக அறிவித்தது. முதல் பந்தியில் உண்டவர் மொய் எழுதாமலே எழுந்து போய்விட்டார்.

இவ்வளவும் வெளியுலகில் நாம் பேசும் நியாயம். அது சரியான நியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 'தலைக்கு இரண்டு டன்' என்று உலகத்தாரிடம் நாம் காட்டும் கணக்கு ஒரு சராசரிதான். அச்சராசரியைக் குறைத்துக் காட்ட உதவுபவர்கள் யார்? குளிரூட்டி இல்லாதவர்கள், கார் இல்லாதவர்கள், விமானம் ஏறாதவர்கள். எங்கள் சந்தில் செய்தித்தாள் படித்த முதியவரைப் போன்றவர்கள். வைட்ஃபீல்டின் கண்ணாடி மாளிகையில் நாள் முழுதும் குளிரூட்டியின் கீழ் பணிபுரிந்து, இருவருக்கு இரண்டு கார் வைத்திருக்கும் குடும்பத்தின் புகை, இவர்களுடைய வறுமையோடு சேர்த்து வகுக்கப்பட்டு இரண்டு டன் ஆகிறது. உலக சபையில் ஏழையின் பெயரால் நாம் கேட்கும் இடம், ஊருக்குத் திரும்பியபின் ஏழைக்கு வந்து சேர்கிறதா என்று கேட்பது தேசத் துரோகமாகாது. ஸ்டாக்ஹோமில் கேட்ட கேள்வியின் மறுபாதிதான் அது.

மழை பொய்த்தால் நேருவதை எங்கள் பேட்டை அறியும். தண்ணீர் குறைவதோடு அது நிற்பதில்லை. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி இந்நகரில் தமிழர் குடியிருப்புகளில் நேர்ந்ததை இங்கே விவரிக்கப் போவதில்லை. நினைவுள்ளவர்களுக்கு நினைவு இருக்கிறது. 2016 செப்டம்பரில் பேருந்துகள் எரிந்தன. 2023 செப்டம்பரில் கடையடைப்பு. அந்நாட்களில் எங்கள் தெருவில் கடைப் பலகைகளின் தமிழ் எழுத்துக்குமேல் துணி போர்த்தப்படும். பிள்ளைகளிடம், தெருவில் கன்னடத்திலேயே பேசு என்று தாய்மார்கள் சொல்வார்கள். அமளி ஓய்ந்தபின் கன்னட நண்பர்களே முதலில் வந்து நலம் விசாரிப்பார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். உச்சநீதிமன்றம் 2018-இல் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று வரையறுத்தபோது, பெங்களூரின் குடிநீருக்காகக் கர்நாடகத்துக்கு 4.75 டி.எம்.சி. கூடுதலாக ஒதுக்கியது. எங்கள் குடத்தில் வருவது அந்தத் தண்ணீர். தம்பி தஞ்சையில் குறுவைக்குத் தண்ணீர் கேட்கிறான். அண்ணன் ஸ்ரீராம்புரத்தில் குடத்துடன் வரிசையில் நிற்கிறான். நல்ல மழைக் காலத்தில் பங்கீடு எளிது. பற்றாக்குறையைப் பங்கிடுவதுதான் ஒவ்வொரு வறட்சியிலும் புதிய வழக்காகிறது. பருவம் தாறுமாறாகும் இனிவரும் ஆண்டுகளில் அவ்வழக்கு குறையும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

செய்யத்தக்கவை இல்லாமலும் இல்லை. 2010-இல் கடும் வெயிலில் பலரை இழந்த அகமதாபாத், 2013-இல் வெப்பச் செயல் திட்டம் ஒன்றை வகுத்தது. நம் நாட்டில் ஒரு நகரம் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. தெலங்கானா 2023-இல் கூரைகளை வெப்பம் திருப்பும்படி அமைக்கத் தனிக் கொள்கையே வெளியிட்டது. தமிழ்நாட்டு அரசாங்கம் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தவர்களின் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் என்று ஆணையிட்டது. பெங்களூர் மாநகராட்சியும் 2023 நவம்பரில், 2050-க்குள் நிகரப் புகையை ஒழிப்பதென ஒரு பெரிய திட்ட நூலை வெளியிட்டது. நூல் நன்றாகவே இருக்கிறது. அதில் 'எளிதில் பாதிப்புக்குள்ளாகும் மக்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பவர்கள் யாரென்று அறிய எனக்கு அகராதி தேவைப்படவில்லை. வாசற்கதவைத் திறந்தாலே போதும்.

சென்ற மாசி மாதம் எங்கள் சந்தில் நான்கு வீட்டார் கூடிப் பேசி, இரண்டு மூட்டைச் சுண்ணாம்பு வாங்கி, பலகை போட்டு ஏறித் தங்கள் கூரைத் தகடுகளின்மேல் இரண்டு பூச்சுப் பூசினார்கள். பகலில் அறைக்குள் உட்கார முடிகிறது என்று பெண்கள் சொன்னார்கள். சித்திரையில் இடியோடு பெய்த முதல் மழையில் பாதி கரைந்து சாக்கடையில் ஓடிவிட்டது. வரும் ஆண்டு வஜ்ஜிரம் கலந்து பூசினால் மழைக்குத் தாங்கும் என்று வெள்ளையடிப்பவர் சொல்லியிருக்கிறார். ஆகும் செலவில் வீட்டுக்கு எழுநூறு ரூபாய் வரும். ஐந்தாவது வீட்டில் இருப்பவர் கணவனை இழந்த அம்மாள். அவரிடம் நூறு ரூபாய் மட்டும் வாங்கிக்கொள்வதென்று பேச்சு.